இன்றைக்கு எந்தக் காலின் முறை

மலைகளுக்கும் ஆறுகளுக்கும் மனிதர்கள் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் வெண்குன்ற நாட்டை மழவராயன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். பெரிய நாடு ஒன்றுமில்லை. ஒரு குன்று, ஒரு ஆறு, ஆற்றின் இரு கரையிலும் வயல், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சின்ன நாட்டுக்கு ஒரு பெரிய பெருமை உண்டு. அது அதன் யானைகள்.

போர் யானைகள் அல்ல. அக்கம்பக்கத்து அரசர்களோடு மல்லுக்கட்ட மழவராயனுக்கு நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. குன்றின் உச்சியில் ஒரு முருகன் கோயில் இருந்தது. உச்சிகால அபிஷேகத்துக்கு ஆற்றுத் தண்ணீர் யானைமேல்தான் போக வேண்டும். அது அந்த நாட்டு வழக்கம். யானைகள் ஏறுவதற்கென்றே பாறையில் அகல அகலமாகப் படி வெட்டியிருந்தார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கதையின் முடிச்சு அதில்தான் இருக்கிறது, கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஒவ்வொரு பௌர்ணமியன்றும் பாகர்கள் தத்தம் யானைகளைக் குளிப்பாட்டி, நெற்றியில் கோலம் எழுதி, காலில் மணி கட்டி, அரண்மனை முற்றத்தில் நிறுத்த வேண்டும். அரசன் வந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பான். அதற்குப் பார்வை நாள் என்று பெயர்.

பார்வை நாள் எது என்று ஊருக்கே தெரியும். வானத்தை அண்ணாந்து பார்த்தால் குழந்தை கூடச் சொல்லிவிடும். அதனால் என்ன ஆயிற்று? மாதம் முழுக்க ஆற்றுத்துறைப் பக்கம் தலைவைத்தும் படுக்காத பாகர்கள், பௌர்ணமிக்கு முந்தின நாள் மட்டும் அடித்துப் பிடித்துக்கொண்டு அங்கே ஓடினார்கள். அன்றைக்கு ஆற்றில் தண்ணீரைவிட யானைதான் அதிகம்.

அந்தப் பாகர்களில் ஒருவன் கொம்பையன். அவனுடைய யானை சிங்காரி, பெண் யானை. அவள் கன்றாகக் கொட்டிலுக்கு வந்த அன்றுதான் அவனும் வேலைக்குச் சேர்ந்தான். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வளர்ந்தார்கள். அவன் பாடினால் அவள் காதை ஆட்டுவாள். அவன் உம்மென்று இருந்தால் தும்பிக்கையால் அவன் தலைப்பாகையைத் தட்டிவிடுவாள். கொம்பையனுக்கும் அவன் மனைவி பூவாயிக்கும் பிள்ளை இல்லை. சிங்காரிக்குக் கவளம் உருட்டும்போது அந்தக் குறை பூவாயிக்கு நினைவுக்கே வராது.

கொம்பையனைச் சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள். சோம்பேறிக்கு வேலை பிடிக்காது. கொம்பையனுக்கு வேலை பிடிக்கும், அதுவும் பிரமாதமாகச் செய்யப் பிடிக்கும். அரைகுறை வேலை அவனுக்கு ஆகவே ஆகாது. அதனால், பிரமாதமாகச் செய்ய ஒரு நல்ல நாள் வரும்வரை ஒன்றுமே செய்யாமல் இருப்பான்.

யானை வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாத வேலை ஒன்று உண்டு. பாதம் தேய்ப்பது. காட்டில் திரியும் யானைக்குப் பாதம் தானாகத் தேயும். கொட்டிலில் கட்டிப்போட்ட யானைக்குத் தேயாது. உள்ளங்கால் தோல் தடித்துக்கொண்டே போகும், பிறகு வெடிக்கும், வெடிப்பில் கல் புகுந்துகொள்ளும். பாகன்தான் செங்கல்லால் தேய்த்து, தேங்காய் மட்டையால் கழுவி, வேப்பெண்ணெய் பூசிவிட வேண்டும். நெற்றியில் கோலம் எழுதினால் நாலு பேர் பாராட்டுவார்கள். உள்ளங்காலை யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்?

அந்தச் சித்திரையில் சிங்காரி நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்தாள். பூவாயி அதைக் கவனித்தாள்.

"ஏங்க, இவ கால ஊன மாட்டேங்கிறா. என்னன்னு பாருங்க."

"பாத்தேன் புள்ள. தோலு தடிச்சிருக்கு. இந்த வெயில்ல ஆத்தங்கரைக்கு ஓட்டிட்டுப் போனா மண்ணு சுடும். நாளைக்கு வெள்ளனவே தேய்ச்சிடறேன்" என்றான் கொம்பையன்.

சில நாள் கழித்துப் பூவாயி மறுபடியும் சொன்னாள். அன்றைக்கு வானம் கருத்திருந்தது. "மழை வர்ற மாதிரி இருக்கே. சேத்துல தேய்ச்சா மண்ணு அப்பிக்கும். நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றான்.

மூன்றாவது முறையும் சொன்னாள். அன்றைக்கு வெயிலும் இல்லை, மழையும் இல்லை. கொம்பையன் வானத்தைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், ஒரு காரணமும் கிடைக்கவில்லை. "இன்னைக்கு எனக்கு மனசு ஒரு நிலையில இல்ல. ஏனோதானோன்னு செய்யக் கூடாது பாரு. நாளைக்கு நாலு காலையும் ஒரேயடியாத் தேய்ச்சிடறேன்" என்றான்.

பிறகென்ன, பௌர்ணமிக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது.

அன்றைக்குக் கொம்பையனைப் பார்க்க வேண்டுமே! விடிந்ததும் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கியவன் பொழுது சாயும்வரை கரையேறவில்லை. புதுச் செங்கல்லாக எடுத்துக்கொண்டு தேய்த்தான், தேய்த்தான், அப்படித் தேய்த்தான். ஒரு மாதத்துத் தோலை ஒரே நாளில் எடுத்துவிட வேண்டும் என்று வெறி பிடித்தவன்போல் தேய்த்தான். சிங்காரி காலை இழுத்துக்கொண்டாள். பாவி மனுஷன், அவளுக்குக் கூச்சம், விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். கடைசியில் நான்கு பாதங்களும் குழந்தையின் உள்ளங்கால்போல் வழவழவென்று இருந்தன. கொம்பையன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, பக்கத்துப் பாகர்களை ஒரு பார்வை பார்த்தான். செய்தால் இப்படிச் செய்ய வேண்டும் என்பது அந்தப் பார்வைக்குப் பொருள்.

மறுநாள் அரண்மனை முற்றத்தில் யானைகள் வரிசையாக நடந்து வந்தன. சித்திரை வெயில் கல்தளத்தைக் காய்ச்சி வைத்திருந்தது. மற்ற யானைகளுக்கு உள்ளங்காலில் தோலாவது தடித்திருந்தது. சிங்காரிக்கு அதுவும் இல்லை. மெல்லிய தோல், கொதிக்கும் கல். அவள் நான்கு அடி வைத்தாள், ஐந்தாவது அடியில் காலை வெடுக்கென்று எடுத்தாள். சீராக வந்துகொண்டிருந்த மணிச் சத்தத்தில் தாளம் தப்பியது.

அரசன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு எழுந்து வந்து, சிங்காரியின் முன்னால் குனிந்தான். அரசர்கள் குனிந்து பார்த்துப் பழக்கமில்லாத பாகர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்லின்மேல் சின்னதாக ஒரு ரத்தத் திட்டு இருந்தது.

"இந்தக் காலை எப்போது தேய்த்தாய்?" என்று கேட்டான் அரசன்.

"நேத்துங்க, மகாராசா."

"அதற்கு முன்னால்?"

 கொம்பையனிடம் நூறு குறை இருக்கலாம், பொய் சொல்லும் பழக்கம் மட்டும் கிடையாது. "போன பார்வை நாளுக்கு முந்தின நாளுங்க" என்றான்.

பக்கத்தில் நின்ற பாகர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அரசன் திரும்பி, "சிரித்தவர்கள் எல்லாம் தங்கள் யானையின் காலைத் தூக்கிக் காட்டுங்கள்" என்றான். சிரிப்புச் சத்தம் அடியோடு நின்றுபோயிற்று.

கொட்டில் அதிகாரி வில்லவராயர் முன்னால் வந்தார். யானைகளுக்கும் பாகர்களுக்கும் அவர்தான் மேலாள். "அரசே, யானையின் மேல் ஒரு குற்றமும் இல்லை. பாகனைத்தான் மாற்ற வேண்டும். அக்கரைக் கொட்டிலில் நல்ல பாகன் ஒருவன் இருக்கிறான். சிங்காரியை இன்றே அவனிடம் ஒப்படைத்துவிடலாம்" என்றார்.

கொம்பையனுக்கு உலகமே இருண்டுவிட்டது. அப்படியே சாஷ்டாங்கமாக விழுந்தான். "மகாராசா, என்னைச் சாட்டையால அடிங்க. பட்டினி போடுங்க. அவள மட்டும் பிரிச்சிடாதீங்க. அவ இல்லாம நான் என்னத்த வாழ?" என்று கதறினான். சிங்காரி நொண்டிக்கொண்டே ஓரடி நகர்ந்து, அழுகிறவன் முதுகைத் தும்பிக்கையால் தடவினாள்.

அரசன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "இவனுக்கு யானைமேல் அன்பில்லை என்று சொல்ல முடியாது. அன்பு இருந்தும் கால் புண்ணாகியிருக்கிறது. அப்படியானால் தப்பு நான் குறித்துவைத்த நாளிலும் இருக்கிறது. முந்தின நாள் என்று ஒன்று இருப்பதால்தானே எல்லா வேலையும் அந்த நாளுக்குப் போய்ச் சேருகிறது?" என்றான்.

அன்றோடு பார்வை நாளை எடுத்துவிட்டான். இனிமேல் அரசன் எந்த நாள் வேண்டுமானாலும் கொட்டிலுக்கு வருவான், முன்கூட்டிச் சொல்ல மாட்டான். கொம்பையனுக்கு மட்டும் தனியாக ஒரு சோதனை.

"சிங்காரியின் கால் ஆறட்டும். அதன் பிறகு ஒரு நாள் நான் வருவேன். வந்த அன்றைக்கே அவள் அபிஷேகத் தண்ணீரைச் சுமந்துகொண்டு குன்றின் உச்சிவரை ஏற வேண்டும். மணியின் தாளம் ஓர் இடத்தில் தப்பினாலும் அவள் அங்கிருந்தே அக்கரைக்குப் போய்விடுவாள். தப்பாவிட்டால் கடைசிவரை உன்னோடு இருப்பாள்" என்றான் அரசன்.

"எந்த நாளுங்க, மகாராசா?" என்று கேட்டுவிட்டான் கொம்பையன். பழக்கதோஷம்.

அரசன் திரும்பி உள்ளே போய்விட்டான்.

பூவாயி மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுக் காய்ச்சி, தினமும் புண்ணில் தடவினாள். புண் ஆறியது, புதுத் தோல் பிடித்தது. கொம்பையன் சிங்காரியின் நெற்றியைத் தொட்டுச் சத்தியம் செய்தான். இனி தினமும் நான்கு காலும், நகமும், காதுமடலும், வால்நுனியும், ஒன்றுவிடாமல் தேய்த்துக் குளிப்பாட்டுவேன் என்றான்.

முதல் நாள் சொன்னபடியே செய்தான். ஊரே வேடிக்கை பார்த்தது. இரண்டாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது, நகத்தோடு நிறுத்திக்கொண்டான். மூன்றாம் நாள் படுக்கையில் புரண்டுகொண்டே, "மகாராசா இன்னைக்கு வர மாட்டாரு. அவருக்கு வேற வேலையில்லையா? நாளைக்கு எல்லாத்தையும் சேத்துச் செஞ்சிடலாம்" என்றான். அதற்கு அடுத்த நாளும் அரசன் வரவில்லை. அதற்கும் அடுத்த நாளும் வரவில்லை. கொம்பையன் மீசையைத் தடவிவிட்டுக்கொண்டான்.

பூவாயி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் காலையில் அவன் கஞ்சி குடிக்க உட்கார்ந்தான். கலயம் முன்னால் வந்தது. அவன் கை நீட்டியதும் கலயம் பின்னால் போயிற்று.

"என்ன புள்ள இது?"

"ஒரு காலத் தேய்ச்சிட்டு வாங்க. வந்து குடிங்க."

"ஒரு காலா?"

"ஒண்ணே ஒண்ணு. இன்னைக்கு வலது முன்னங்காலு. மத்ததை நெனைக்கவே வேணாம்."

கொம்பையனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யாருகிட்டப் பேசற? செஞ்சா நாலையும் செய்வேன். ஒரு காலத் தேய்ச்சிட்டு வர்றதுக்கு நான் என்ன அரைப் பாகனா?"

"நாலையும் செய்யற ஆளு இத்தனை நாளா ஒண்ணக்கூடச் செய்யலையே" என்றாள் பூவாயி. கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு மூடியும் விட்டாள்.

பசி வந்தால் ரோஷம் எத்தனை நேரம் நிற்கும்? முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனான். சிங்காரியின் வலது முன்னங்காலைத் தூக்கிக் கல்மேல் வைக்கச் சொன்னான். செங்கல்லால் இதமாகத் தேய்த்தான், கழுவினான், எண்ணெய் பூசினான். திரும்பி வந்து பார்த்தால் கஞ்சி இன்னும் சூடாக இருந்தது. இவ்வளவுதானா என்று அவனுக்கே ஆச்சரியம். இவ்வளவு சின்ன வேலைக்கா நான் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தேன் என்று தனக்குள் கேட்டுக்கொண்டான். கேள்வி சுருக்கென்று தைத்ததால் பதில் தேடவில்லை.

மறுநாள் இடது முன்னங்கால். அதற்கு மறுநாள் வலது பின்னங்கால். பிறகு இடது பின்னங்கால். முடிந்ததும் மறுபடியும் முதல் கால். காலையில் ஒரு கால், அப்புறம்தான் அவனுக்குக் கஞ்சி, சிங்காரிக்குக் கவளம். பூவாயி இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே இல்லை.

நடுவில் ஒரு முறை தவறியது. பூவாயியின் தம்பிக்குக் கல்யாணம் என்று ஊருக்குப் போனவர்கள், விருந்து மறுவிருந்து என்று தங்கிவிட்டுத் திரும்பினார்கள். சிங்காரிக்குத் தீனி போட்டவர்கள் காலைத் தொடவில்லை. வந்ததும் கொம்பையன் பரபரவென்று புதுச் செங்கல்லைக் கையில் எடுத்தான். "விட்டுப்போன காலையெல்லாம் இன்னைக்கே தேய்ச்சுக் கணக்கை நேர் பண்ணிடறேன்" என்றான்.

பூவாயி அந்தச் செங்கல்லைப் பிடுங்கிவிட்டாள். "வேணாம். அன்னைக்கு ஆத்துல ஒரேயடியாத் தேய்ச்ச லட்சணம் மறந்து போச்சா? விட்டது விட்டதுதான். இன்னைக்கு எந்தக் காலோட முறையோ, அத மட்டும் தேய்ங்க" என்றாள்.

கொம்பையன் புதுக் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, தேய்ந்து வழவழப்பாகியிருந்த பழைய கல்லை எடுத்துக்கொண்டான்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. ஐப்பசி அடைமழை. குடிசைக் கூரை ஒழுகியது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு முடங்கிக் கிடந்தான் கொம்பையன். பூவாயிக்கே அவனை எழுப்ப மனமில்லை. சரி, இன்று ஒரு நாள் போகட்டும் என்று சிங்காரிக்குக் கவளம் எடுத்துக்கொண்டு போனாள்.

சிங்காரி கவளத்தை வாங்கவில்லை. வலது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நின்றாள்.

பூவாயி தட்டிக்கொடுத்தாள். கால் இறங்கவில்லை. வெல்லம் காட்டினாள். கால் இறங்கவில்லை. கொம்பையனே எழுந்து வந்து, "இறக்குடி தாயி, நாளைக்குத் தேய்ச்சு விடறேன்" என்று கெஞ்சினான். அப்போதும் இறங்கவில்லை. யானைக்கு எத்தனையோ வார்த்தைகள் பழக்கியிருந்தான், வா, போ, படு, எழுந்திரு என்று. நாளைக்கு என்ற வார்த்தையை மட்டும் பழக்கியிருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: பொழுது விடிந்தது, இந்தக் காலின் முறை, தேய்த்தால்தான் தீனி.

கொம்பையன் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்து தேய்த்தான். தேய்த்து முடித்தபோது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு ஒரு பூவாயி போதாதுன்னு நீ வேறயாடி?" என்றான்.

அன்றிலிருந்து அவனுக்குப் பூவாயியின் கண்டிப்பும் தேவைப்படவில்லை. விடிந்ததும் கை தானாகச் செங்கல்லைத் தேடியது. காலின் தோல் ஒரே சீராக, தடிக்காமல், மெலியாமல், பதமாக இறுகி நின்றது. மாதங்கள் போயின. அரசன் வரவே இல்லை. மற்ற பாகர்கள் முதலில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். கொம்பையனும் சோதனையை மறந்துதான் போனான். ஆனால் அவன் கை மறக்கவில்லை.

அடுத்த கோடை வந்தது. ஒரு சாதாரண நாள். விசேஷமும் இல்லை, திருவிழாவும் இல்லை. காலை வெயில் ஏறும் நேரத்தில் அரசனும் வில்லவராயரும் குதிரைகளை ஆற்றங்கரையில் விட்டுவிட்டு நடந்தே கொட்டிலுக்கு வந்தார்கள்.

முதல் கொட்டிலில் பாகன் அரசனைக் கண்டதும் வாளியும் கையுமாக ஓடினான். யானை அவனை யாரோ புதுசு என்று பார்த்தது. இரண்டாம் கொட்டிலில் பாகனையே காணோம். யானையின் நெற்றியில் போன திருவிழாக் கோலம் பாதி அழிந்திருந்தது. மூன்றாவது கொம்பையனின் கொட்டில்.

அங்கே சிங்காரி இடது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள். வில்லவராயர் அரசனைப் பார்த்தார். "நான் அன்றே சொன்னேன், அரசே. காலை ஊன முடியவில்லை பாருங்கள்" என்றார்.

கையில் செங்கல்லோடு வந்த பூவாயி இவர்களைப் பார்த்ததும் அப்படியே கும்பிட்டாள்.

"இவளுக்குக் காலில் என்ன?" என்று கேட்டான் அரசன்.

"ஒண்ணுமில்லீங்க மகாராசா. இன்னைக்கு அந்தக் காலோட முறைங்க. தெனமும் ஒரு காலு தேய்க்கிறது. அவருக்கு ராவெல்லாம் காய்ச்சலு, எந்திரிக்க முடியல. அது இவளுக்கு எங்க தெரியுது? நேரமாச்சுன்னு தூக்கிட்டு நிக்கிறா. நான் தேய்க்கலாம்னு வந்தேன்" என்றாள்.

அதற்குள் குடிசைக்குள்ளிருந்து இருமல் சத்தம் கேட்டது. அரசன் பூவாயியைப் பேச வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு, வில்லவராயரையும் இழுத்துக்கொண்டு தூணோரம் ஒதுங்கினான்.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு கொம்பையன் தள்ளாடித் தள்ளாடி வந்தான். யாரையும் கவனிக்கவில்லை. "இருடி, வர்றேன். எனக்குக் காய்ச்சல்னா உனக்கென்ன வந்துச்சு? மகாராணி மாதிரி காலத் தூக்கிக்கிட்டு நிக்கிற" என்று சொல்லிக்கொண்டே கீழே உட்கார்ந்தான். பூவாயி கையிலிருந்து கல்லை வாங்கினான். கை நடுங்கியது, ஆனாலும் பழகிய கை. இதமாகத் தேய்த்தான், கழுவினான், எண்ணெய் பூசினான், பாதத்தைத் தட்டிக்கொடுத்தான். சிங்காரி காலை இறக்கிக் கவளத்துக்குத் தும்பிக்கை நீட்டினாள்.

அப்போதுதான் கொம்பையன் நிமிர்ந்தான். தூணோரம் அரசன் நின்றிருந்தான்.

"கொம்பையா, உன் நாள் இதுதான்" என்றான் அரசன்.

கொம்பையன் கம்பளியை உதறிவிட்டுக் கும்பிட்டான். வில்லவராயருக்கே மனம் இளகிவிட்டது. கொஞ்சம் முன்னால் தவறாகச் சொன்னோமே என்ற கூச்சமும் இருந்திருக்கலாம். "அரசே, இவன் உடம்பு இருக்கும் நிலையில் எப்படி ஏறுவான்? சோதனையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாமே" என்றார்.

நாளைக்கு! அந்த வார்த்தை காதில் விழுந்ததும் கொம்பையனின் நெஞ்சு பழைய நினைப்பில் ஒரு துள்ளுத் துள்ளியது. ஒரு நாள் கிடைத்தால் போதும், நாலு காலையும் பார்த்துவிடலாம், நகத்தைச் சீவிவிடலாம் என்று மனம் ஓடியது. அவன் சிங்காரியின் கால்களைப் பார்த்தான். முதல் கால் நன்றாக இருந்தது. இரண்டாவது நன்றாக இருந்தது. மூன்றாவதும் நன்றாக இருந்தது. நான்காவதை இப்போதுதான் தேய்த்தான். நாளைக்கென்று செய்ய ஒரு வேலையும் மிச்சமில்லை.

"நாளைக்கு எதுக்குங்க?" என்றான் கொம்பையன். "இன்னைக்கே ஏறிடறோம், மகாராசா."

பூவாயி சிங்காரியின் காலில் மணியைக் கட்டினாள்.  ஆற்றுத்துறையில் தண்ணீர்க் குடங்களை ஏற்றினார்கள். கொம்பையன் யானைமேல் ஏறவில்லை, அவள் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தான். காய்ச்சல்காரன் பாரமும் அவளுக்கு வேண்டாம் என்று நினைத்தான்.

படிகள் காய்ந்து கிடந்தன. சிங்காரி முதல் படியில் கால் வைத்தாள். மணி ஒலித்தது. அரசன் பின்னாலேயே ஏறினான். வில்லவராயர் காதைத் தீட்டிக்கொண்டு ஏறினார். பூவாயி எல்லாருக்கும் பின்னால் முருகா, முருகா என்று ஏறினாள்.

பாதி வழியில் நிழலே இல்லாத ஒரு மொட்டைப் பாறை. மனிதர்களே அங்கே குதிகாலைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.  சிங்காரி அதன்மேல் ஏறி, தன் பாட்டுக்கு நடந்து, அடுத்த படிக்குப் போனாள். மணி அதே தாளத்தில் ஒலித்தது. நடுவில் ஓரிடத்தில் தடுமாறியது கொம்பையன்தான். அவள் தும்பிக்கையை வளைத்து அவனைத் தாங்கிக்கொண்டாள், நடை மட்டும் மாறவில்லை.

உச்சிகால மணி அடிக்கும் முன்பே தண்ணீர் சன்னிதிக்குப் போய்விட்டது.

அரசன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சிங்காரி இனி உன்னுடையவள். யாரும் பிரிக்க மாட்டார்கள்" என்றான். கொம்பையன் அவள் காலைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதான். பூவாயியும் அழுதாள். வில்லவராயர் குன்றின் கீழே ஏதோ பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டார்.

"இன்னும் ஏதாவது கேள், தருகிறேன்" என்றான் அரசன்.

கொம்பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஒண்ணே ஒண்ணுங்க, மகாராசா. சோதனைதான் முடிஞ்சிடுச்சேன்னு பழையபடி பார்வை நாளுன்னு ஒண்ணு வெச்சிடாதீங்க. நாளு இன்னதுன்னு தெரிஞ்சா நான் அதுக்கு முந்தின நாளுக்குக் காத்திருப்பேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்" என்றான்.

அரசன் சிரித்தான். கேட்டதைக் கொடுத்தான். மறுநாள் விடிந்ததும் வலது முன்னங்கால் தூக்கியிருந்தது. காய்ச்சல் விட்டிருந்த கொம்பையன் கல்லோடு போய் உட்கார்ந்தான்.

கதை இதோடு சரி. கேட்டவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இது: நாளைக்கு எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்துவிடலாம் என்று இருப்பவன் எதையும் செய்வதில்லை, இன்றைக்கு உள்ள சின்ன வேலையை இன்றைக்கே செய்கிறவனுக்குத்தான் பெரிய வேலையும் முடிகிறது.